வீடு ஏரிக்கரையில், வேலை எங்கே? ஜூரோங்கை வைத்து ஒரு புறநகர்ப் பாடம்

வேலை நாளில் காலை ஏழே முக்காலுக்கு, சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கில் உள்ள லேக்சைட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலைய மேடையில் நின்று பாருங்கள். நகரத்தை நோக்கிக் கிழக்கே போகிற ரயில் வந்து நிற்கும்போதே கதவோரம் வரை ஆள் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் மடிக்கணினிப் பை, கண்கள் கைப்பேசியில். மேற்கே பூன் லே, ஜூ கூன், துவாஸ் பக்கம் போகிற ரயிலிலும் கூட்டம் உண்டு. ஆனால் அது வேறு கூட்டம். கம்பெனி பெயர் அச்சடித்த டி-ஷர்ட், கனமான பாதுகாப்புக் காலணி, நடுநடுவே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவர்கள்.

ஒரு வட்டாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள இது நல்ல சோதனை. காலையில் ஒரு பக்கம் போகிற ரயில் மட்டும் பிதுங்கி, எதிர்ப்பக்கம் போகிறது காலியாக ஓடினால், அங்கே இருப்பவர்கள் தூங்கி எழுவதற்கு மட்டும் அந்த ஊரை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வீடு, பள்ளிக்கூடம், மளிகைக் கடை, கிளினிக் எல்லாம் இருக்கும்; சம்பளம் மட்டும் வேறு இடத்தில் இருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து காலை மின்ரயிலைப் பிடித்துச் சென்னைக்குள் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தக் கட்டுரையில் புறநகர் என்று நான் சொல்வது இந்த வகை ஊரைத்தான். லேக்சைட் பாதி அப்படி, பாதி அப்படியில்லை. அந்தப் பாதிக்கான காரணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் புறநகர் என்பது எப்படி வளர்கிறது, ஏன் சில சமயம் வளர மறுக்கிறது என்று ஓரளவு புரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் வேலைக்குப் போகிற 100 பேர் குடியிருக்கிறார்கள், அங்கேயே உள்ள வேலைகள் 20 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 80 பேர் தினமும் வெளியே போயாக வேண்டும். சரி, வேலைகளை 100 ஆக்கிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. குடியிருப்பவர்கள் வங்கியிலும் மென்பொருளிலும் இருக்கிறார்கள், உள்ளூர் வேலைகளோ வெல்டிங்கும் கிடங்கும் என்றால், 100 பேரும் காலையில் வெளியே போவார்கள், வேறு 100 பேர் உள்ளே வருவார்கள். ரயில் இரண்டு பக்கமும் நிரம்பும். எண்ணிக்கை சமமாவது ஒன்று, அந்த வேலை அந்த ஆளுக்குப் பொருந்துவது இன்னொன்று. ஜூரோங்கின் அறுபது வருடக் கதை பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தோடு நடந்த மல்லுக்கட்டு.

ஆலை வந்தது, ஆள் வரவில்லை

வழக்கமான புறநகரில் வீடு முதலில் வரும், வேலை பிறகு மெல்ல வரும். ஜூரோங்கில் தலைகீழ். 1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வேலையில்லாத் திண்டாட்டம் பெரிய பிரச்சினை. ஐக்கிய நாட்டுக் குழுவோடு வந்த டச்சுப் பொருளியல் வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸ் தொழில்மயமாக்கல்தான் வழி என்றார். 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ தீவின் மேற்குக் கோடியில் இருந்த ஜூரோங்கைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்து ஜூரோங் சதுப்பு நிலம், இறால் குட்டை, ரப்பர் தோட்டம், சின்னச் சின்னக் குன்றுகள். குன்றுகளை வெட்டிச் சதுப்பை மேடாக்கினார்கள். தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு 1962இல் அடிக்கல் நாட்டி, அடுத்த வருடமே உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஆனாலும் முதல் சில ஆண்டுகள் முதலீட்டாளர்கள் வரிசைகட்டி வரவில்லை. காலியாகக் கிடந்த மனைகளைப் பார்த்தவர்கள் ‘கோவின் கிறுக்குத்தனம்’ என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஆலைகள் வந்தன. கப்பல் பட்டறை வந்தது, துறைமுகம் வந்தது. வராதது குடியிருக்க ஆள். தாமான் ஜூரோங் என்ற குடியிருப்பில் வீடுகள் கட்டித் தந்தும், வேலைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் பொழுது சாய்ந்ததும் பேருந்து ஏறி நகரத்துப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புகை, தூசி, தொலைவு. சினிமா பார்க்க வேண்டுமா, சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டுமா, எதற்கும் நீண்ட பயணம். இப்போது லேக்சைட்டில் நகரத்துக்கு ரயில் பிடிக்கிறவர்களின் கதைக்கு நேர் எதிர்க்கதை அது: பகலில் ஆள் இருந்தார்கள், ராத்திரியில் இல்லை.

1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம், அதாவது எல்லோரும் ஜேடிசி என்று சொல்கிற அமைப்பு, தொடங்கப்பட்டது. தொழிற்பேட்டையை நடத்துவதோடு, மனிதர்கள் இருக்க விரும்பும் ஊராக அதை ஆக்குவதும் அதன் தலையில் விழுந்தது. அப்போது செய்த காரியங்களை வரிசையாகப் பார்த்தால் நோக்கம் பளிச்சென்று தெரியும். 1971 ஜனவரியில் பறவைப் பூங்கா. அதே ஆண்டு காரில் இருந்தபடியே படம் பார்க்கிற திறந்தவெளித் திரையரங்கு. அதே ஆண்டு ஜூரோங் ஆற்றின் குறுக்கே அணைகட்டி ஓர் ஏரி. பிறகு ஏரிக்குள் இருந்த தீவுகளில் 1973இல் ஜப்பானியத் தோட்டம், 1975இல் ஏழடுக்குக் கோபுரத்தோடு சீனத் தோட்டம். 1977இல் அறிவியல் நிலையம். ஆலைப் புகைக்கு நடுவே யாராவது குடும்பத்தோடு வந்து தங்க மாட்டார்களா என்ற ஏக்கம் இந்தப் பட்டியல் முழுக்க இருக்கிறது.

ஆக, ஜூரோங் ஏரி தானாக உண்டான ஏரி அல்ல. ஏரி என்பதே மனிதன் வெட்டிக் கரைகட்டிச் செய்வதுதான் என்று வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமில்லை. நம் ஊர் ஏரிகள் நெல்லுக்காக வெட்டப்பட்டவை. இது ஆள் சேர்ப்பதற்காக வெட்டப்பட்டது. நீர்ப்பரப்பு சுமார் 70 ஹெக்டர். மழைநீரைச் சேர்க்கிறது, நாட்டின் 17 நீர்த்தேக்கங்களில் ஒன்றாகவும் கணக்கில் இருக்கிறது. வேளச்சேரிப் பக்கம் ஏரியைத் தூர்த்து வீடு கட்டினார்கள், இங்கே வீடு விற்க ஏரி கட்டினார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்வார். கொஞ்சம் கடுமையான பேச்சுதான், ஆனால் பொய்யில்லை.

ரயில் வந்ததும் ஊர் முகம் திருப்பியது

1988 நவம்பர் 5ஆம் தேதி ஜூரோங் ஈஸ்ட், சைனீஸ் கார்டன், லேக்சைட் ஆகிய மூன்று எம்ஆர்டி நிலையங்களும் திறந்தன. 1990 ஜூலையில் பூன் லே திறக்கும் வரை லேக்சைட்தான் மேற்கின் கடைசி நிறுத்தம். புறநகர் உருவாவதற்கு வீடு மட்டும் போதாது, தினமும் போய்வரத் தாங்கக்கூடிய நேரத்தில் ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டி அன்று வந்து சேர்ந்தது.

நிலையக் குறியீட்டைப் பார்த்தால் தூரத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். லேக்சைட் 26, நகர மையத்தில் உள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் 14. பன்னிரண்டு நிறுத்தம், இடையில் வண்டி மாற வேண்டாம். ஏரி தெரிகிற ஜன்னலும் நகர மைய அலுவலகமும் ஒரே ரயில் பாதையில். இதற்கு முன்னால் ஜூரோங்கில் வீடு எடுக்க ஒரே காரணம் ஜூரோங்கில் வேலை. அதற்குப் பிறகு ஜூரோங்கில் வேலையே இல்லாதவரும் அங்கே வீடு எடுக்கலாம் என்றானது. நகரத்தைவிட வீடு மலிவு, காற்றோட்டம் உண்டு, ரயில் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால் உலகத்தில் எங்கும் புறநகர் முளைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மக்களை ஆலைக்குப் பக்கத்தில் குடியேற்றத்தான் ஏரி கட்டினார்கள். ஏரியை ரசித்துக் குடியேறியவர்களில் ஏகப்பட்ட பேர் ஆலைக்குப் போகவில்லை, நகரத்துக்குப் போனார்கள். ஆலை வேலைக்கோ வெளியிலிருந்து, இன்னும் சொல்லப்போனால் வெளிநாட்டிலிருந்து, ஆள் வந்தார்கள். நம் தமிழர்களும் இந்த இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒரே லேக்சைட்டில் தனியார் கூட்டுரிமை வீட்டில் குடியிருந்து நகரத்து வங்கிக்குப் போகிற கோயம்புத்தூர்க்காரரும், ஊழியர் விடுதியிலிருந்து கம்பெனி லாரியில் கப்பல் பட்டறைக்குப் போகிற சிவகங்கைக்காரரும் அந்த வட்டாரத்தையே பகிர்ந்துகொள்கிறார்கள். காலையில் ஒருவரை ஒருவர் பார்க்க வாய்ப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடையில் முருங்கைக்காய்க் கட்டின் முன்னால் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூரோங் தீவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏழு சிறு தீவுகளைக் கடலைத் தூர்த்து ஒன்றாக்கி, 2000இல் திறந்த பெட்ரோ ரசாயனத் தீவு அது. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. அங்கே வேலை பார்க்கிற பொறியாளர்களுக்கு லேக்சைட், பூன் லே பக்கம் வீடு இருந்தால் அது உண்மையிலேயே வேலைக்கு அருகில் வீடு. அவர்கள் இந்தக் கட்டுரையின் கவலைகளிலிருந்து விடுபட்ட பாக்கியசாலிகள்.

ஒரு பக்கக் கூட்டத்தின் விலை

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போனால் என்ன குறைந்துவிடும்? போய்விட்டு வரட்டுமே என்று தோன்றும். ஆனால் அதற்குக் காசு செலவாகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத காசு. ரயில் பாதை, பெட்டிகள், ஓட்டுநர்கள் எல்லாமே அந்த ஒன்றரை மணி நேரக் கூட்டத்தைச் சமாளிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். மீதி நேரத்தில் அதில் பாதி சும்மா இருக்கும். நகரத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிற ரயில் காற்றைத்தான் ஏற்றி வரும். ஒரு பெட்டியை வாங்கிப் போட்டு அதன் ஒரு பக்கப் பயணத்துக்கு மட்டும் வருமானம் பார்ப்பது எந்தப் போக்குவரத்துக்கும் கட்டுப்படியாகாது.

அதனால்தான் கூட்டத்தைக் கலைக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். 2013இல் காலை ஏழே முக்காலுக்கு முன் நகர மைய நிலையங்களில் இறங்கினால் கட்டணமே இல்லை என்று ஒரு திட்டம் வந்தது. 2017 இறுதியில் அது மாறி, வார நாளில் ஏழே முக்காலுக்கு முன் எந்த ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டி நுழைந்தாலும் 50 காசு (சென்ட்) வரை தள்ளுபடி என்றானது. ஐம்பது காசுக்காக யார் அரை மணி முன்னால் எழுவார்கள் என்று கேட்கலாம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு மாமா எழுகிறார். காசுக்காக அல்ல, உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காக.

ஒற்றைப் பாதையை நம்பி வாழ்வதன் ஆபத்து 2024 செப்டம்பரில் தெரிந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி ஒரு பழைய ரயிலின் அச்சுப் பெட்டி கழன்று விழுந்து, கிளமெண்டி பக்கத்தில் தண்டவாளம் நெடுந்தூரம் சேதமானது. ஜூரோங் ஈஸ்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை. மொத்தம் சுமார் 26 லட்சம் பயணங்கள் பாதிக்கப்பட்டன. இலவச இணைப்புப் பேருந்து ஓடியது, சாலை அடைத்துக்கொண்டது. மேற்கே குடியிருப்பவர்களுக்கும் நகரத்துக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு பாதைதான். அதைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சுற்று, இல்லாவிட்டால் சாலை. அன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் ஐந்தரைக்கு எழுந்தார்கள்.

வேலையை வீட்டுப் பக்கம் கொண்டுவருவது

ஆளை வேலைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக வேலையை ஆளிடம் கொண்டுவந்தால் என்ன? பரவலாக்கம் என்பதன் சாரம் இதுதான். 1991இல் வெளியான நாட்டின் நீண்டகால நிலத்திட்டம் நகர மையத்துக்கு வெளியே தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட், சிலேத்தார் ஆகிய நான்கு இடங்களில் வட்டார மையங்கள் வளர வேண்டும் என்றது. அலுவலகம், கடைத்தொகுதி, மருத்துவமனை எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது எண்ணம். 2008இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஜூரோங் லேக் வட்டாரம் என்று பெயரிட்டு இன்னும் விரிவான திட்டத்தை அறிவித்தது. நகர மையத்துக்கு வெளியே நாட்டின் மிகப் பெரிய வணிக வட்டாரம் என்பது இலக்கு. பின்னால் வந்த திட்டங்களில் ஒரு லட்சம் புதிய வேலைகள், 20,000 புதிய வீடுகள் என்று பேச்சு.

எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் சுவாரசியம்.

கடைகள் உடனே நடந்தன. 2012 தொடங்கி ஓரிரு வருடத்துக்குள் ஜேகியூப், ஜெம், வெஸ்ட்கேட் என்று கடைத்தொகுதிகள் ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தைச் சுற்றிலும் எழும்பின. மழையில் நனையாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக உயர்நடைபாதை வந்தது. 2015இல் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை திறந்தது. மேற்கில் இருந்தவர்களுக்கு அது மிகப் பெரிய நிம்மதி. ஜெம் கட்டடத்தின் அலுவலகக் கோபுரத்துக்கு அரசாங்க அமைப்புகளே குடிவந்தன. கட்டட, கட்டுமான ஆணையமும் உணவு அமைப்பும் இன்றும் அங்கேதான். அரசாங்கம் தன் ஆட்களை அனுப்பிவைத்து வழிகாட்டுவது இந்த மாதிரித் திட்டங்களில் பழைய உத்தி. நாங்களே போகிறோம், நீங்கள் வரக்கூடாதா என்று தனியாரைக் கேட்கலாம் அல்லவா?

பெரிய தனியார் அலுவலகங்கள்தான் தயங்குகின்றன. நடுவில் ஓர் அதிவேக ரயில் கனவு வந்துபோனது. கோலாலம்பூரிலிருந்து வரும் அதிவேக ரயிலின் சிங்கப்பூர் முனையம் ஜூரோங் ஈஸ்டில் என்று முடிவாகி, அதற்காக அங்கிருந்த கோல்ஃப் மன்றத்தின் நிலமே எடுக்கப்பட்டது. 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 2020 டிசம்பர் 31உடன் அது காலாவதியானது, மலேசியா 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு)ச் சற்று மேலாக இழப்பீடு தந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கோலாலம்பூர் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்குகள் எல்லாம் மாறிப்போயின. அந்தச் செய்தி வந்த வாரம் ஜூரோங்கில் வீடு விற்கக் காத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் 2023இல் ஜூரோங் ஈஸ்ட் நிலையம் அருகே 6.5 ஹெக்டர் நிலத்தை மொத்தமாக ஏலத்துக்கு விட்டார்கள். அலுவலகம், வீடு, கடை, ஹோட்டல் என்று மேம்பாட்டாளரே கலவையை ஓரளவு முடிவு செய்துகொள்ளலாம் என்ற வகை நிலம். பெரிய நிறுவனங்கள் ஐந்து கூட்டுச் சேர்ந்து ஒரே ஒரு விலைக்குறிப்பைப் போட்டன. விலை போதாது என்று 2024 செப்டம்பரில் அதை ஆணையம் ஏற்கவில்லை. ஒரு நிலத்துக்கு ஒரே ஒரு விலைக்குறிப்புதான் வந்தது, அதுவும் குறைவாக வந்தது என்பதே சந்தையின் மனநிலையைச் சொல்லிவிடுகிறது.

ஏன் இந்தத் தயக்கம்? என் பார்வையில் முதல் காரணம் சிங்கப்பூர் சின்ன ஊர் என்பது. லண்டனிலோ டோக்கியோவிலோ புறநகரிலிருந்து நகரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறபோது, பாதி வழியில் ஓர் அலுவலகம் திறந்தால் ஊழியர்கள் கும்பிடுவார்கள். இங்கே பன்னிரண்டே நிறுத்தத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ் வந்துவிடுகிறது. நிறுவனம் இடம்பெயர்ந்து மிச்சப்படுத்துவது ஊழியரின் அரை மணி நேரம். இரண்டாவது, அலுவலகங்கள் கூட்டம் விரும்பிகள். வங்கிக்கு வழக்கறிஞர் பக்கத்தில் வேண்டும், வழக்கறிஞருக்குக் கணக்காய்வாளர் வேண்டும், மூவருக்கும் மதியம் சந்தித்துப் பேச ஒரு சாப்பாட்டுக் கடை வேண்டும். ஒருவர் மட்டும் ஜூரோங்குக்கு வந்தால் மற்ற இருவரைப் பார்க்க அவர் தினமும் ரயில் ஏற வேண்டும். எல்லோரும் சேர்ந்து வந்தால் வரலாம். யார் முதலில் வருவது என்பதில் நிற்கிறது விஷயம். தெம்பனிஸ் ஓரளவு ஜெயித்ததற்குக் காரணம் அங்கே போனவை வங்கிகளின் கணக்கு, கணினிப் பிரிவுகள். அவற்றுக்கு வாடிக்கையாளர் முகம் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் ஊருக்கு ஊர் சொல்வதுதான்: வேலை வருவதற்குள் வீடு வந்துவிடும். வீட்டுக்கு எப்போதும் தேவை உண்டு. பக்கத்திலேயே தெங்கா என்ற புதுநகர் வளர்கிறது. அங்கே 42,000 வீடுகள் திட்டம், 2023இல் முதல் குடும்பங்கள் சாவி வாங்கிக்கொண்டன. இத்தனை வீட்டுக்காரர்களும் காலையில் எங்கே போவார்கள்? வேலை மேற்கில் வளராவிட்டால் அவர்களும் ஜூரோங் ஈஸ்ட் மேடையில் வந்துதான் நிற்பார்கள்.

அதை முன்னரே ஊகித்துத்தான் புதிய பாதைகள் போடுகிறார்கள். ஜூரோங் வட்டார ரயில் பாதை 24 கிலோமீட்டர், 24 நிலையங்கள். இது நகரத்துக்குப் போகிற பாதையே அல்ல. தெங்கா, சுவா சூ காங், பூன் லே, ஜூரோங் ஈஸ்ட், நன்யாங் பல்கலைக்கழகம் என்று மேற்குக்குள்ளேயே சுற்றுகிறது. ஒரு புறநகரின் வளர்ச்சியில் இது முக்கியமான கட்டம் என்பேன். எல்லாப் பாதையும் நகரத்துக்கே போனால் ஊர் நகரத்தின் வால். குறுக்கே பாதை போட ஆரம்பித்தால், ஊருக்குள்ளேயே போக வேண்டிய இடங்கள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். கட்டி முடியும்வரை தூசி, சாலை மாற்றம், ராத்திரி இயந்திரச் சத்தம் எல்லாம் உண்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சகிக்க வேண்டியதுதான். இதற்கப்பால் தீவைக் குறுக்கே கடக்கும் இன்னொரு பாதையும் ஜூரோங் லேக் வட்டாரத்துக்கு வருகிறது. அந்தக் கட்டம் 2032இல் முடிய வேண்டும் என்பது திட்டம்.

ஊருக்குள் கிடைப்பதும் கிடைக்காததும்

ஆள் சேர்க்க வெட்டிய ஏரி இப்போது வேறு வேலை செய்கிறது. சுமார் 90 ஹெக்டரில் ஜூரோங் லேக் கார்டன்ஸ், குடியிருப்பு வட்டாரத்தில் அமைந்த முதல் தேசியத் தோட்டம். லேக்சைட் பக்கம் 2019இல் திறந்தது, சீன, ஜப்பானியத் தோட்டங்கள் புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் திறந்தன. சதுப்பு ஓரமாக ரசாவ் வாக் என்று ஒரு மரப்பாலப் பாதை இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதில் நடந்தால் ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த தாத்தா பாட்டிகளைத் தவறாமல் பார்க்கலாம். பாட்டி புடவைக்குக் கீழே விளையாட்டுக் காலணி போட்டிருப்பார், தாத்தா தலையில் மஃப்ளர், அந்தப் புழுக்கத்திலும். உடும்பு ஒன்று பாதையைக் கடந்தால் எல்லோரும் நின்று, அது எங்கள் ஊரில் இதைவிடப் பெரிசு என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர் மதுரைக் கணக்கைச் சொல்வார். மகனும் மருமகளும் அந்நேரம் கிழக்கே போகிற ரயிலில் இருப்பார்கள். புறநகரின் பகல்நேர மக்கள் யார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை: வயதானவர்கள், குழந்தைகள், பணிப்பெண்கள், கடைக்காரர்கள்.

நிலப் போக்குவரத்துத் திட்டம் ஒன்று 2040க்குள், உச்சநேரத்தில் பத்தில் ஒன்பது பயணம் 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், அக்கம்பக்கக் கடைகளுக்கு 20 நிமிடத்தில் போய்விட வேண்டும் என்கிறது. இரண்டாவது பாதி லேக்சைட்டில் இப்போதே சாத்தியம்தான். காய்கறி, கோழி, பள்ளிக்கூடம், பல் மருத்துவர், முடி திருத்தம் எல்லாம் நடந்தே முடியும். சாமி கும்பிட ஜூரோங் ஈஸ்ட் ஸ்திரீட் 21இல் அருள்மிகு முருகன் ஆலயம் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போகாத குடும்பம் குறைவு. வாழை இலை, மல்லிகைப் பூ, ரவிக்கை தைக்கிறவர், நகைச் சீட்டு, தீபாவளிப் பட்டாடை என்று ஏதாவது ஒன்று அங்கே இழுக்கும். லேக்சைட்டிலிருந்து ஊட்ரம் பார்க்குக்குப் பத்து நிறுத்தம், வண்டி மாறி இன்னும் நான்கு. ஏரிக்கரையில் எத்தனை கடைத்தொகுதி வந்தாலும் இந்தப் பயணம் குறையவில்லை. தேக்காவில் கிடைப்பதில் முக்கால்வாசி பக்கத்து மளிகையிலும் கிடைக்கும், விலைகூட அதிகமில்லை. ஆனால் ஊர்க்காரர்களைப் பார்ப்பது அங்கேதான். வார நாளில் அலுவலகம் எப்படி மற்ற அலுவலகங்களுக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறதோ, அதே காரணம்தான் இதற்கும்.

கடைசியாக, இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு. முதல் கேள்வி ஏரி தெரியுமா என்பதாக இருக்க வேண்டாம், வேலை எந்தப் பக்கம் என்பதாக இருக்கட்டும். வேலை துவாஸ், ஜூரோங் தீவு, பல்கலைக்கழகப் பக்கம் என்றால் லேக்சைட், பூன் லே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வேலை சாங்கி பக்கம் என்றால் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு தினமும் போய்வர வேண்டியிருக்கும், கிழக்கிலேயே பாருங்கள். தம்பதியில் ஒருவர் மேற்கே, ஒருவர் நகரத்தில் என்றால் ஜூரோங் ஈஸ்ட் நடுநிலை. அங்கே இரண்டு ரயில் பாதை ஏற்கெனவே சந்திக்கின்றன, இன்னும் வரப்போகின்றன. வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும்.

வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதாக இருந்தால் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை மறந்துவிடாதீர்கள். ஒரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்கிற விதி அது, 1989இலிருந்து இருக்கிறது. இந்தியர், இதர இனத்தவர் பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு என்பது இப்போதைய வரம்பு. ஏற்கெனவே நம்மவர்கள் அதிகம் சேர்ந்த புளோக்கில் வரம்பு நிறைந்திருந்தால், சீனரோ மலாய்க்காரரோ விற்கிற வீட்டை நீங்கள் வாங்க முடியாது. அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்றால்தான் முடியும். நிரந்தரவாசிகளுக்குத் தனியாக இன்னொரு வரம்பும், நிரந்தரவாசத் தகுதி கிடைத்து மூன்று வருடக் காத்திருப்பும் உண்டு. வரம்பு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டுக்காரரிடம் விலை பேசுங்கள்.